டாக்டரம்மா சொன்ன ‘தொடண்டா’

போன வருசம் என் கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. சர்க்கரைப் புண். போடியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கட்டுப் போடப் போனேன். நர்ஸ் பெண் புண்ணைக் கழுவிவிட்டு, ஒரு சின்ன டியூபைப் பிதுக்கிக் கொஞ்சம் களிம்பு எடுத்துத் தடவினாள்.

“என்ன மருந்து தாயி?”

“புதுசு தாத்தா. வளர்ச்சிக் காரணின்னு சொல்வாங்க. நம்ம ரத்தத்துலயே இருக்கிற சாமான்தான். இது போயி செல்லுகிட்ட ‘ரெண்டாப் பிரி’ன்னு சொல்லும். அது பிரியும். சதை வளந்து புண்ணு மூடிக்கிரும்.”

நான் காலை இழுத்துக்கொண்டேன்.

“வலிக்குதா?”

“இல்ல. பிரி பிரின்னு இது சொல்லுது. போதும்னு யாரு சொல்றது?”

அவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “தாத்தா, நீங்க என்ன வேலை பாத்தீங்க?”

ஏலக்காய் எஸ்டேட்டில் டிரெஸ்ஸர் என்றேன். புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலை. எங்கள் ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்றாள். நான் படித்தது எட்டாவது. தெரிந்ததை எழுதினால் போதும் என்றாள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். தெரியாத ஒன்றை முப்பது வருசமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். அதை எழுதுகிறேன்.

வேலைக்கு வந்த கதை நீளமில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் தரை கூட்டினேன். கூட்டிக்கொண்டே பார்த்ததில் கட்டுப் போடப் பழகினேன். எழுபதுகளின் தொடக்கத்தில் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏல எஸ்டேட்டில் மருந்து கொடுக்கிற இடம் திறந்தார்கள். ஆள் கேட்டார்கள். ஜீப்பில் ஏறிவிட்டேன். இரண்டு அறை, ஒரு பெஞ்சு, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். ஸ்டவ்வில் கத்தரியும் இடுக்கியும் கொதித்துக்கொண்டே இருக்கும்.

மலையில் புண்ணுக்குப் பஞ்சமில்லை. மழை பிடித்தால் அட்டைக் கடி. நிழல் மரத்துக் கிளை கழிக்கும்போது அரிவாள் வெட்டு. ஸ்டோரில் சூட்டுக் காயம். ஏலக்காய் ஸ்டோர் என்றால் கடை இல்லை. அடுப்பு எரித்து, தகரக் குழாய் வழியாகச் சூட்டை ஓடவிட்டுப் பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடம்.

முதலில் இருந்த பெரிய டாக்டர் எனக்கு மூன்று உத்தரவு போட்டிருந்தார். புண்ணைத் தேய்த்துக் கழுவு. உறைந்த ரத்தம் இருந்தால் துடைத்து எடு. சதை ஏறினால் துத்தம் தொடு. துத்தம் என்றால் மயில்துத்தம், நீலக் கல். நுனியை நனைத்து, மீறி வளர்ந்த சதை மேல் ஒரு தொடு தொட்டால் வெந்து அடங்கும். ஆள் கத்துவான். வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். லயத்தில் என்னைத் துத்தக்காரன் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. சொன்னதைச் செய்தேன்.

எழுபதுகளின் கடைசியில் பெரிய டாக்டர் போய், டாக்டரம்மா வந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். மூன்று எஸ்டேட்டுக்கு அவர் ஒருவர்தான். எங்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். ஜீப்பு சத்தம் கேட்டதும் நான் வெந்நீர் எடுத்து வைப்பேன். வந்ததும் பேச மாட்டார். சுவரைப் பார்த்து நின்று கை கழுவுவார். நகத்துக்கென்று ஒரு பிரஷ்ஷைப் பையில் கொண்டுவருவார். கழுவிய கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் திரும்புவார். பிறகுதான் “எந்தா விசேஷம்?” உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே நாற்பது பேரைப் பார்ப்பார். சத்தம் போட்டதும் இல்லை.

என் பெயர் சீனிச்சாமி. அவர் என்னைச் சீனிச்சேட்டா என்று கூப்பிட்டார். சேட்டன் என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். அதைக் கேட்டுப் பெஞ்சில் இருந்த பேச்சி சிரித்தாள்.

“பாத்தீங்களா, துத்தக்காரருக்கே சீனி போட்டுட்டாங்க. இனிமே புண்ணுல கை வச்சா இனிக்கும்.”

பேச்சியம்மாளுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். காய் எடுப்பில் முதல் ஆள். குத்தவைத்துக்கொண்டே ஒரு சரிவு முழுக்க நகர்ந்துபோய் எடுப்பாள். வாயும் கையும் ஒன்றாக ஓடும். சின்ன வயசில் ஸ்டோர்க் குழாயில் பட்டு வெந்த தழும்பு ஒன்று அவள் வலது கெண்டைக்காலில் இருந்தது. அந்தத் தழும்புக்கு நடுவில் ஒரு புண். ஆறும். மழைக்குப் பிளக்கும். மறுபடி ஆறும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டேன்.

டாக்டரம்மா வந்த புதிது. ஓர் ஆளுக்குக் கையில் வெட்டு. ரத்தம் நின்று, உறைந்து அடங்கியிருந்தது. நான் வழக்கம்போல நுரை மருந்தை ஊற்றித் தேய்த்து எடுக்கப் போனேன்.

“மதி, மதி,” என்றார் டாக்டரம்மா. போதும் என்று அர்த்தம். “சேட்டா, அது அழுக்கல்ல.”

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு என் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தார். இரண்டு கண்ணாடிக் குழாயில் ஊற்றினார். ஒன்றில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு சொட்டு மருந்து. இன்னொன்றில் ஒன்றும் இல்லை. இரண்டையும் நிறுத்தி வைத்துவிட்டுப் பால் விடாத கட்டஞ்சாயா குடித்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டிலும் மேலே மஞ்சள் தண்ணி.

“எந்தா வித்தியாசம்?”

“ஒண்ணுமில்ல. ரெண்டும் மஞ்சத் தண்ணி.”

“வித்தியாசம் உண்டு. வெளிநாட்டுல செல்லைக் குப்பிக்குள்ள வச்சு வளக்கறாங்க. இந்த உறையாத ரத்தத்துத் தண்ணிய ஊத்தினா அது சும்மா இருக்கும். உறைஞ்சதோட தண்ணிய ஊத்தினா ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும்.”

“ரெண்டும் என் ரத்தம்தான?”

“அதே.”

“பெறகெப்படி?”

“ரத்தத்துல பொடிப் பொடியா ஒண்ணு உண்டு. எங்கயாவது கிழிஞ்சா அங்க போய் ஒட்டி, உடைஞ்சு, உள்ள வச்சிருக்கிற சாமானை வெளிய விடும். அதுதான் செல்லை எழுப்பறது.”

எனக்குப் புரியவில்லை. அவருக்கு அது தெரிந்துவிட்டது. காலையில் ஆட்களை எப்படி எழுப்புவார்கள் என்று கேட்டார். கங்காணி தகரம் அடிப்பார், ஆட்கள் லயத்தை விட்டு வந்து பெரட்டுக் களத்தில் நிற்பார்கள், பேர் வாசித்து வேலை பிரிப்பார்கள் என்றேன்.

“அதே. ரத்தம் உறையறது தகரம் அடிக்கிறது. செல்லோட மேல்தோல்ல காது மாதிரி ஒண்ணு உண்டு. சத்தம் அந்தக் காதுல விழணும். விழுந்தா உள்ள ஒருத்தன் அடுத்தவனுக்குச் சொல்வான், அவன் அடுத்தவனுக்கு. நடுவுல இருக்கிறவன் வரைக்கும் சேதி போகும். பெறகுதான் ரெண்டாப் பிரியும். சேட்டன் தினமும் அந்தத் தகரத்தைத் தூக்கி வெளிய எறியறது.”

அத்தனை வருசமும் நான் சுத்தம் என்று நினைத்துச் செய்தது இது. பெரிய டாக்டர் சொன்னது தப்பா, இவர் சொல்வது தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. சம்பளம் கொடுக்கிற இடத்தில் யார் டாக்டரோ அவர் சொல்வதுதான் வைத்தியம்.

புது முறை இது. தண்ணியில் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆற வை. புண்ணில் ஒட்டிக் காய்ந்த துணியைப் பிய்க்காதே. மேலே தண்ணியை விட்டுக்கொண்டே இரு. அதுவாக நழுவட்டும். மண்ணும் சீழும் போகிற அளவுக்குக் கழுவு, போதும். கடைசியாகத் துத்தப் புட்டியைக் காட்டிச் சொன்னார்: “செவந்த புதுச் சதை வந்தா தொடண்டா. அது பிஞ்சு.”

தொடண்டா என்றால் தொட வேண்டாம். புட்டியை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டேன். அன்றிலிருந்து சிவந்த சதை மேல் என் விரல் பட்டதில்லை. இடுக்கியால் துணியை எடுப்பேன். தண்ணி விடுவேன். புதுத் துணி வைப்பேன். கட்டுவேன்.

புண்கள் வெரசாக ஆறின. அட்டைக் கடி, வெட்டு, சூடு எல்லாம். என் கண்ணாலேயே பார்த்தேன். கட்டுப் போட வர அழுதவர்கள் அழாமல் வந்தார்கள். அதனால் டாக்டரம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நம்பினேன்.

கட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. தினமும் ஆள் பேர் எழுதி, எதிரே புண்ணின் நிலை எழுத வேண்டும். எனக்கு நாலே வகைதான். ‘ஆறுது’, ‘அப்படியே’, ‘சீழ்’, ‘சதை வளருது’. டாக்டரம்மா எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பார். வரிக்கு வரி விரல் வைத்துப் போவார். ‘ஆறுது’, ‘சதை வளருது’ என்றால் ஒரு டிக். மற்ற இரண்டும் இருந்தால் கட்டைப் பிரிக்கச் சொல்லிப் பார்ப்பார். அத்தனை பேரையும் பிரித்துப் பார்க்க ஒரு நாள் போதாது.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். பேச்சியின் புண் குழியாகத்தான் எப்போதும் கிடக்கும். அந்த வருசம் ஆனி கடைசியில் குழி நிரம்பத் தொடங்கியது. சிவப்பாகச் சதை வந்தது.

“அண்ணே, பள்ளம் மேடாகுது. நெலத்தை வித்துறலாமா?” என்றாள்.

எனக்கும் சந்தோசம். ‘சதை வளருது’ என்று எழுதினேன். டிக். ஆடியில் சதை தோல் மட்டத்துக்கு வந்தது. ‘சதை வளருது’. டிக். பிறகு மட்டத்துக்கு மேலே வந்தது. கோழிக் கொண்டை மாதிரி. ஒரு நாள் என் கை தானாகவே மேல் தட்டுக்குப் போனது. பழைய கையல்லவா. பெரிய டாக்டர் இருந்திருந்தால் துத்தம் தொட்டிருப்பேன். தொடண்டா என்றது ஞாபகம் வந்தது. கையை இறக்கிவிட்டேன். ‘சதை வளருது’. டிக்.

மூக்கில் சதை வளர்ந்தால் கெட்டது என்கிறோம். புண்ணில் சதை வளர்ந்தால் நல்லது என்கிறோம். சொல் ஒன்றுதான். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை.

“டாக்டரம்மா நேர்ல பாக்க வேணாமா?” என்று பேச்சி ஒரு தடவை கேட்டாள்.

“புத்தகத்துல பாத்துட்டாங்க,” என்றேன்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. துணியை நனைத்து எடுத்தேன். மெதுவாகத்தான் எடுத்தேன். இருந்தும் ரத்தம் கசிந்தது. ஒரு வாடை வந்தது. சீழ் வாடை எனக்குத் தெரியும். இது அது இல்லை.

“அண்ணே, ஓரம் கல்லு மாதிரி இருக்கு. தொட்டுப் பாருங்க.”

“தொடக் கூடாது.”

“என் காலு. நானே தொட்டுப் பாத்தேன். நீங்க தொட்டா கருகியா போவும்?”

நான் யோசித்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து வைத்துவிட்டாள். ஓரம் சுருண்டு தடித்திருந்தது. பிஞ்சுச் சதை இப்படி இருக்காது. பச்சைக் கொய்யாக்காயை அழுத்தினதுபோல் இருந்தது. அன்றைக்குப் புத்தகத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பேரை மட்டும் எழுதி எதிரே வெறுமனே விட்டேன்.

மறுநாள் டாக்டரம்மா கை கழுவிவிட்டுத் திரும்பினார்.

“பேச்சி காலைப் பாருங்க,” என்றேன்.

“வளருதுன்னுதான எழுதியிருக்கு?”

“பாருங்க.”

நான் எதையும் இரண்டு தடவை சொல்கிற ஆள் இல்லை. என் முகத்தைப் பார்த்தார். கட்டைப் பிரித்தேன். டாக்டரம்மா உட்கார்ந்தார். விரலால் ஓரத்தைச் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். பிறகு தொடை இடுக்கில் கட்டி உண்டா என்று தடவினார். இல்லை. புத்தகத்தைக் கேட்டார். பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“சதை வளருது. சதை வளருது. சதை வளருது.” ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவர் டிக் இருந்தது.

“எப்ப மட்டத்துக்கு மேல வந்தது?”

“ஆடிக் கடைசி.”

“கை வச்சுப் பாத்ததில்லையோ?”

“நீங்கதான் தொடண்டான்னீங்க.”

அவர் புத்தகத்தை மூடினார். “துத்தம் தொடண்டான்னு சொன்னது,” என்றார்.

“நான் சதையத் தொடக் கூடாதுன்னு நெனச்சேன்.”

“ரெண்டு பேரும் பேசிக்கிட்டது போதும்,” என்றாள் பேச்சி. “என் காலுக்கு என்ன?”

டாக்டரம்மா மறைக்கவில்லை. ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, ஓரத்திலிருந்து நெல்லளவு சதை வெட்டி எடுத்தார். மருந்துத் தண்ணி இருந்த புட்டியில் போட்டு மூடி மெழுகு வைத்தார். போடி வரை ஜீப்பிலும் மதுரை வரை பஸ்சிலும் அதை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் போனேன். முடிவு வந்தது. புற்று. பழைய தீத் தழும்பில், வருசக்கணக்காக ஆறாத புண்ணில் இப்படி வருவதுண்டாம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் ஆள் பிழைக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

பேச்சி மாட்டேன் என்றாள். “கால் போனா இந்த மலையில எனக்கென்ன சோலி? சரிவுல ஒத்தைக் கால்ல நிக்கிறதுக்கு நான் என்ன கொக்கா?”

மூன்று நாள் அப்படியே இருந்தாள். காய் எடுக்கவும் போனாள். நாலாம் நாள் கட்டுக்கு வந்தபோது கேட்டாள். “ஒங்க கூடப் பொறந்தவளா இருந்தா என்ன செய்வீங்க?”

“கூட்டிட்டுப் போயிருவேன்.”

“ஒங்க பேச்சைக் கேட்டுத்தான் இம்புட்டுக்கு வந்திருக்கு.”

கட்டை முடித்தேன். அவள் எழுந்து நின்று, “சரி, ஜீப்பு எப்ப?” என்றாள்.

அவளை மதுரையில் விட்டுவிட்டு வந்த வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவிடம் கேட்டேன். “தகரம் அடிச்சா ஆள் வரும்னீங்க. இங்க யாரு அடிச்சது?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “இப்ப வெளிநாட்டுல அதைத்தான் எழுதிட்டிருக்காங்க. சில செல்லு, தகரத்தைத் தன் வீட்டுக்குள்ளயே வச்சிருக்கும். தானே அடிக்கும், தானே எழும்பும். சிலதுக்குக் காது கெட்டுப்போகும். அடிக்காமலே அடிக்கிற மாதிரி கேட்டுட்டே இருக்கும்.”

“அது வேற தகரமா?”

“சிலதுல ஏறக்குறைய அதே தகரம்தானாம்.”

“அப்ப அது நல்லதா, கெட்டதா?”

“எனக்கும் குழப்பம்தான் சேட்டா.”

“போதும்னு சொல்றது யாரு?”

“அதையும் தேடிட்டிருக்காங்க.”

கடைசியாக ஒன்று கேட்டேன். “துத்தம் வச்சிருந்தா கால் தப்பிச்சிருக்குமா?”

“இல்ல. மேல வெந்திருக்கும். உள்ள போயிட்டேதான் இருந்திருக்கும்.” சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் பார்த்தார். “ஆடியிலயே ஒரு விரல் வச்சுப் பாத்திருந்தா, தழும்போட சேத்து அறுத்து, வேற தோல் வச்சு, காலை நிறுத்தியிருக்க வழி இருந்தது. சேட்டனும் வைக்கல. நானும் வைக்கல.”

அடுத்த செவ்வாய் அவர் பழைய எக்ஸ்ரே பிலிம் ஒரு கட்டுக் கொண்டுவந்தார். சோடா உப்புத் தண்ணியில் ஊறப்போட்டுத் தேய்த்துக் கறுப்பை எடுக்க வைத்தார். கண்ணாடி மாதிரி ஆனது. ஸ்பிரிட்டில் துடைத்து, புண்ணுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து, ஓரத்தை மைப்பேனாவால் வரைய வேண்டும். வாரம் ஒரு பிலிம். மேலே மேலே வைத்துப் பார்த்தால் புண் சிறுக்கிறதா பெருக்கிறதா தெரியும். புத்தகத்தில் ‘சதை வளருது’ என்று எழுதக் கூடாது. குழியா, சமமா, மேடா. மெத்தென்று இருக்கிறதா, கெட்டியா. கை கழுவி, விரல் வைத்து, பிறகு எழுத வேண்டும். மேடு என்றோ கெட்டி என்றோ எழுதினால் அன்றைக்கே அவர் பார்ப்பார். நான் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் செய்தேன். இன்றைக்கும் அது போதுமா என்று எனக்குத் தெரியாது.

பேச்சி பிழைத்தாள். மலைக்குத் திரும்பவில்லை. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற ஒரு கொட்டடியில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். உட்கார்ந்து செய்கிற வேலை. ஏழெட்டு மாசம் கழித்து ஒரு நாள் இறங்கிப் போனேன். தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். ஜீப்பில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

முப்பது பெண்கள் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள்தான் முதலில் பார்த்தாள்.

“வாங்க துத்தக்காரரே. ஏய், இங்க பாருங்கடி, இவருதான் என் காலுக்கு எழுதி எழுதியே வைத்தியம் பாத்தவரு.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் நின்றேன். “காலு எப்படி இருக்கு?” என்றேன்.

பேச்சி முறத்தை ஒதுக்கினாள். சேலையை விலக்கி, சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள்.

“பாக்கிறதுன்னா தொட்டுப் பாருங்க.”

குழாயில் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். வெட்டின இடம் நன்றாகக் கூடியிருந்தது. சுற்றிலும் விரல் வைத்துக்கொண்டே போனேன். மெத்தென்று இருந்தது. ஒரே ஓர் இடத்தில் கடுகளவு கெட்டி. மறுபடி வைத்துப் பார்த்தேன். அதே இடம்.

“இன்னைக்கே டாக்டரம்மாட்ட காட்டணும்.”

“இன்னைக்கேவா? மொறம் பாதி கெடக்கு.”

“இன்னைக்கே.”

அவள் வாதாடவில்லை. முகம் மாறிவிட்டது. கட்டையைக் கொண்டா என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். கட்டையை ஊன்றி வந்து ஜீப்பில் ஏறினாள். வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெட்டு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்கு டாக்டரம்மா பக்கத்து எஸ்டேட்டில் இருந்தார். விரல் வைத்துப் பார்த்தார். ஊசி நுனியால் லேசாகக் கீறினார். இடுக்கியால் பிடித்து இழுத்தார். கறுப்பாக ஒரு துண்டு வந்தது. உள்ளே தங்கிப்போன தையல் நூல்.

பேச்சி அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வாங்கிப் பார்த்தாள். “ஒரு நூலுக்காய்யா என்னை இம்புட்டு ஒசரம் ஏத்துனீங்க? உசுரு பாதி போச்சே!”

திரும்பி இறங்கும்போது போடி வரும்வரை வளைவுக்கு வளைவு திட்டிக்கொண்டே வந்தாள். நான் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே வந்தேன்.